கேமராக்காரர் வாங்கித் தந்த ஜோடி வாட்ச்

யாரோ ஒருவருடைய பேன்ட்டின் கால் மடிப்பை அவள் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் துணியை இழுத்துப் பிடித்து, வலது கையால் ஒரு தையல் விட்டு ஒரு தையல் அறுத்து, அறுந்த நூலை வாயால் ஊதித் தள்ளுகிற வேலை. கொஞ்சம் பிசகினால் துணி கிழியும், இல்லையென்றால் விரல் கிழியும். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் புருஷன் வாசல்படியில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், அந்த அறிவிப்பை வெளியிட்டார்.

"இந்தா, உனக்கு ஒரு ஹெல்த் வாட்ச் வாங்கித் தரலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

பிளேடு நின்றது.

நிற்காமல் என்ன செய்யும்? கல்யாணமான நாளிலிருந்து அவராக முன்வந்து அவளுக்கு வாங்கித் தந்தவை ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், புகை வந்தால் கத்துகிற ஒரு கருவி, வாசல் கதவில் பதிக்கிற ஒரு எட்டிப்பார்க்கும் கண்ணாடி. மூன்றுமே வேலை செய்த இடத்தில் மிச்சமானவை.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஏன், பொண்டாட்டிக்கு ஒரு பொருள் வாங்கித் தரணும்னா காய்ச்சல் வந்திருக்கணுமா?"

"காய்ச்சல்ல நீங்க கஞ்சி கேட்பீங்க. வாட்ச் வாங்கித் தந்ததில்லை. அதான் கேட்டேன்."

அவளுடைய வீட்டுக்காரர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவர். அந்த வட்டாரத்தில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கேமராக்காரர் என்றால்தான் தெரியும். மருந்துக்கடையில் அவர் கேமரா. பேக்கரியில் அவர் கேமரா. ஒரு கடையில் அவர் கேமரா மாட்டிய பிறகு, அதை யாராவது திருடிக்கொண்டு போய்விடப் போகிறார்கள் என்று அதைப் பார்க்க இன்னொரு கேமரா மாட்டிக்கொடுத்தவர். "மறைக்க ஒண்ணுமில்லாதவன் கேமராவுக்கு ஏன் சார் பயப்படணும்?" என்பது அவர் வியாபார மந்திரம். ஏணியில் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குச் சமீபகாலமாக வயிற்றில் ஒரு எரிச்சல். சாப்பாட்டினால் வந்ததில்லை. சமைத்தவளால் வந்தது.

பாப்பா பிறந்த பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடுப்பு வலி. ஆஸ்பத்திரியில் காட்டினால், தினமும் நடங்கள் என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு சட்டம் போட்டாள்.

"இதோ பாருங்க. விடிஞ்சதுலேர்ந்து உங்களுக்கு, பாப்பாவுக்கு, அப்புறம் ஊர்ல உள்ளவங்க பேன்ட்டுக்கு. பாப்பா ஸ்கூல்ல விளையாடி முடிச்சு வேன் வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் இருக்கில்ல? அது எனக்கு. பார்க்குக்குப் போயி நடப்பேன். அந்த ஒரு மணி நேரத்துல யாரும் கை வைக்கக் கூடாது. ஃபோன் பண்ணி துண்டு எங்கன்னு கேட்கக் கூடாது."

அப்போது அவர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். நடக்கப்போனவள் நடந்துவிட்டு வந்தால் பரவாயில்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். முகம் கழுவினது போல வந்தாள். இடுப்பு வலிக்குப் போனவளுக்கு எதற்கு இத்தனை சிரிப்பு? தன்னோடு வீட்டில் இருக்கும்போது வராத சிரிப்பு, பார்க்கிலே மட்டும் எந்த மரத்தில் காய்க்கிறது? ஒரு மணி நேரத்தின்மேல் ஒரு மனுஷனுக்குப் பொறாமை வருமா? வந்தது.

அதற்கு எண்ணெய் ஊற்றியது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. பார்க்குக்கு நேர் எதிரே இருக்கிறது. அதை வைத்திருப்பவர் உயரமானவர், வெள்ளைக் கோட்டுப் போட்டவர், மெதுவாகப் பேசுகிறவர். கேமராக்காரருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "ஊர்ல உள்ள பொம்பளைங்க கண்ணை உத்து உத்துப் பார்க்கிறதையே தொழிலா வெச்சிருக்கான்யா! அதுவும் லைட்டை அணைச்சிட்டு! அதுக்குக் காசு வேற வாங்குறான்!"

ஒருநாள் ஒரு லாட்ஜ் மாடியில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தார் நம்ம ஆள். கண் தானாகப் பார்க்குப் பக்கம் போனது. அங்கே நடைபாதையில் மஞ்சள் துப்பட்டா. அவர் மனைவியுடையது. பக்கத்தில் உயரமாக, வெள்ளைக் கோட்டு. இரண்டு பேரும் வளைந்து வளைந்து சிரிக்கிறார்கள். அவர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே நின்ற லாட்ஜ் மேனேஜர் காலடியில் போய் விழுந்தது.

வெள்ளைக் கோட்டு. உயரம். பார்க்குக்கு எதிரே கடை. வேறு யாராக இருக்க முடியும்?

நேராக வீட்டுக்கு வந்து, "யார்கூட நடந்தே?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் தொழிலில் கிடையாது. அவர் தொழிலில் ஆதாரம் வேண்டும். தேதியோடு, நேரத்தோடு வேண்டும். ஆதாரத்தைக் கையில் பிடித்து, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு பூட்டுப் போட்டுவிட வேண்டும். பார்க்கில் கேமரா மாட்ட விடமாட்டார்கள். ஆனால் மனைவி கையில் மாட்டலாமே! கேமரா முகத்தைத்தான் பார்க்கும். இந்த வாட்ச் எங்கே போகிறாள் என்றும் சொல்லும், போகிற இடத்தில் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்றும் சொல்லும். மனசுக்குள்ளேயே கேமரா!

மனைவியையும் கூட்டிக்கொண்டு போன வாட்ச் கடையில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். வாயில் சூயிங்கம். மூன்று வாட்ச்சை எடுத்து வரிசையாக வைத்தாள்.

"இது எல்லாம் சொல்லும் சார். எங்க இருக்காங்க, என்ன பண்றாங்க, எப்படித் தூங்கினாங்க, மனசு பதட்டமா இருக்கான்னுகூட. வீட்ல உள்ளவங்க ஃபோன்லயே பார்க்கலாம்."

"இதான்! இதைப் போடு!" என்றார் கேமராக்காரர், கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்குகிற முதல் பெஞ்சுப் பையன் மாதிரி.

"இருங்க," என்றாள் மனைவி. "ஏம்மா, நான் எப்படித் தூங்கினேன்னு இது வேற யாருக்கெல்லாம் சொல்லும்?"

"முதல்ல கம்பெனிக்குப் போகும்க்கா. உங்க பேரு, வயசு, எடை எல்லாம் கேட்டுத்தான் உள்ளயே விடும்."

"என் எடை எங்கம்மாவுக்கே தெரியாது. முன்ன பின்ன தெரியாத கம்பெனிக்கு நான் எதுக்குச் சொல்லணும்? அவங்க அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க?"

"உங்களுக்கு எந்த மாத்திரை விக்கலாம், எந்த செருப்பு விக்கலாம்னு பார்ப்பாங்க. வேற யாருக்காவது குடுத்தாலும் குடுப்பாங்க. அதெல்லாம் பொடி எழுத்துல போட்டிருக்கும்க்கா, யாரும் படிக்கிறதில்லை."

"நடுவுல உள்ளது?"

"அதுல இடம் காட்டுறதை நிறுத்தி வெச்சுக்கலாம். நீங்க மறக்காம நிறுத்தணும். புதுசா அப்டேட் வந்தா அதுவா திரும்ப ஓடினாலும் ஓடும்."

"கடைசில சும்மா கறுப்பா ஒண்ணு இருக்கே?"

"அதுவா?" அந்தப் பெண் சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினாள். "அதுக்கு ஃபோன் வேணாம், பேரு வேணாம், ஒண்ணும் வேணாம். நடக்கிறதை எண்ணும், நாடியைச் சொல்லும். கையில கட்டினவங்களுக்கு மட்டும். எங்க இருக்கீங்கன்னு அதுக்கே தெரியாது. இந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சா எல்லாம் அழிஞ்சு போயிடும். யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. அழகா இல்லையாம்."

"இது நல்லா இருக்கே!"

"நல்லாவா இருக்கு?" கேமராக்காரர் பாய்ந்தார். "ஊமை வாட்ச்! வழியில மயங்கி விழுந்தா யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரிய வேணாமா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான். மறைக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு என்ன பயம்?"

"மறைக்க ஒண்ணுமில்லைங்கிறதுக்காகக் குளிக்கிற ரூம் கதவைத் திறந்து போட்டா குளிக்கிறோம்?"

கடைப்பெண்ணுக்குச் சூயிங்கம் தொண்டையில் இறங்கிவிட்டது. இருமி முடிக்கிற வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

மனைவி கொஞ்ச நேரம் புருஷன் முகத்தையே பார்த்தாள். தைக்க வந்த துணியில் எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று திருப்பிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அப்புறம் திடீரென்று குரலில் தேன் ஊறியது.

"சரிங்க. நீங்க ஆசையா வாங்கித் தர்றீங்க. எல்லாம் சொல்றதையே வாங்கலாம். ஆனா எனக்கு மட்டும் வேணாம். ஜோடியா வாங்கலாம். நீங்களும் ஒண்ணு கட்டணும்."

"நானா?"

"ஏணி ஏறி இறங்குற உடம்பு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"ஜோடியா எடுத்தா விலையும் குறையும் சார்," என்றாள் கடைப்பெண்.

கேமராக்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் தலை நிமிர்ந்தவர், கடைக் கூரையில் இருந்த கேமராவைப் பார்த்துவிட்டார். யாரோ போட்டிக்காரன் மாட்டியது. "யார்மா இதை மாட்டினது? கல்லாவையே பார்க்கலையே! ஃபேனையில்ல பார்க்குது!" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டார். அவர் மேலே நின்று போட்டிக்காரனைத் திட்டி முடிக்கிற வரைக்கும் கீழே இரண்டு பெண்களும் ஒரு ஃபோனுக்கு மேல் தலையைக் குனிந்து ஏதோ குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டையின் நிறத்தைப் பற்றி என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டு ஃபோனிலும் வாட்ச்சுக்கான ஆப்பை அவரே ஏற்றினார். அது என்னென்னவோ கேட்டது. குடும்பத்தில் ஒருவர் மற்றவரைப் பார்க்கலாமா, இருவரும் பார்க்கலாமா, எப்போதும் பார்க்கலாமா என்று நீளமாக எழுதியிருந்தது. அவர் எதையும் படிக்கவில்லை. ஏணியில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்க முடியுமா? தொழிலில் வந்த பழக்கம். எது கேட்டாலும் 'சரி', 'சரி', 'சரி' என்று கட்டைவிரலால் குத்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் கேட்டதற்கும் மேலே இரண்டு 'சரி' குத்தினார்.

மறுநாளிலிருந்து அவர் தொழில் படுத்துவிட்டது.

ஏணிமேல் நிற்பார். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் ஃபோன். ஃபோனில் ஒரு சின்ன நீலப் புள்ளி பார்க்கைச் சுற்றிச் சுற்றி வரும். அதுதான் அவர் மனைவி. கீழே ஒரு சிவப்புக் கோடு. அது அவள் நெஞ்சு. பார்க்கின் ஒரு மூலையில் மேடு ஒன்று இருந்தது. அங்கே ஏறினால் யாருக்கும் மூச்சு வாங்கும். கேமராக்காரருக்கு அது தோன்றவில்லை.

"இங்கதான்! இந்த மூலைக்கு வரும்போதுதான் துள்ளுது பாருய்யா!"

"எது சார் துள்ளுது? கேமராவா?" என்றார் கீழே நின்ற பேக்கரிக்காரர்.

"உங்க வேலையைப் பாருங்க!"

"என் வேலையைத்தான் சார் பார்க்கிறேன். காலையிலேர்ந்து ஒரு ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அதைத்தான் பார்க்கிறேன்."

அன்றைக்கு மாட்டிய கேமரா பேக்கரியின் கல்லாவைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் காய்ந்த துணியைப் பார்த்தது.

வீட்டிலே மனைவி ஒன்றும் தெரியாதவளாய் இருந்தாள். மடியில் ஒரு பேன்ட், அதன்மேல் ஃபோன். தைக்கக் கொடுப்பவர்கள் அளவு அனுப்புவார்கள், படம் அனுப்புவார்கள், அதைப் பார்த்துத் தைப்பாள் என்பதால் அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இவர் சாப்பிட உட்கார்ந்தால் அவள் பேச்சை ஆரம்பிப்பாள்.

"இன்னைக்குப் பாத்திரக்கடைக்காரர் ரொம்ப நல்லாப் பேசினாருங்க."

"ம்."

அவள் மடியைப் பார்ப்பாள். ஒரு ஊசி போடுவாள்.

"நம்ம ஸ்கூல் வேன் டிரைவர் புதுசா மீசை வெச்சிருக்காரு. நல்லா இருக்கு."

"வெச்சிட்டுப் போறான்."

மடியைப் பார்ப்பாள். இன்னொரு ஊசி.

"கண்ணாடிக்காரர் கடை வாசல்ல பூச்செடி வெச்சிருக்காரு."

கேமராக்காரர் கையில் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது. "வெச்சா... வெச்சா என்ன? எந்த... எந்தக் கண்ணாடிக்காரர்?"

"சும்மா சொன்னேங்க. சாப்பிடுங்க."

மடியைப் பார்த்தவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். நூலை அறுக்கிறாள் என்று இவர் நினைத்தார்.

இதற்கு நடுவில் ஒரு பழைய சண்டையும் ஓடிக்கொண்டிருந்தது. கேமராக்காரருக்குக் கொஞ்ச காலமாகத் தூரத்துப் பார்வை சரியில்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரை இன்ஜின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். தெருமுனையில் நின்ற குப்பைத் தொட்டிக்கு ஒருநாள் கையை ஆட்டி வணக்கம் சொல்லியிருக்கிறார். "ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடலாம்ங்க," என்று அவள் சொல்லாத நாளில்லை. "கேமராக்காரனே கண்ணாடி போட்டா, அவன் மாட்டின கேமராவை எவன் நம்புவான்? அதுவும் அந்த ஆள்கிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்!" என்பார் இவர். ஏணியில் ஏறுகிற மனுஷனுக்குப் பார்வை மங்கினால் வீட்டில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மருந்துக்கடைக் கூரையில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஒரு துளை போடுவார், ஃபோனைப் பார்ப்பார். இன்னொரு துளை, இன்னொரு பார்வை. நீலப் புள்ளி வழக்கம்போலப் பார்க்கை நோக்கி நகர்ந்தது. பார்க் வாசலுக்கு வந்தது. நின்றது. திரும்பியது. தெருவைத் தாண்டியது.

நேராகப் போய் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தது.

நுழைந்தது நுழைந்ததுதான். வெளியே வரவில்லை.

"ஐயோ!"

"என்ன சார், ஷாக் அடிச்சிடுச்சா?" மருந்துக்கடைக்காரர் பதறினார்.

"அடிச்சிடுச்சுய்யா! நல்லா அடிச்சிடுச்சு!"

டிரில்லிங் மெஷின் கூரையிலேயே தொங்கியது. ஏணியிலிருந்து இறங்கினாரா குதித்தாரா என்பது அவருக்கே தெரியாது. தெருவில் ஓடினார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு மருந்துக்கடையில். ஓட ஓட மனசு வேறு படம் காட்டிக்கொண்டே வந்தது. லைட்டை அணைக்கிறான். எதிரே உட்கார வைக்கிறான். முகத்துக்கு முகம். 'கண்ணை மூடாதீங்க, என்னையே பாருங்க...' காலைப் பார்க்காமல் ஓடியதில் ஒரு சைக்கிள் மணியடித்தது, ஒரு நாய் குரைத்தது. கையில் கட்டியிருந்த வாட்ச் 'கொஞ்சம் உட்காருங்கள்' என்று அதிர்ந்து அதிர்ந்து கெஞ்சியது. யார் கேட்டார்கள்?

கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே நல்ல வெளிச்சம். வாசலை ஒட்டிய நாற்காலியில் அவர் மனைவி. மடியில் ஃபோன். கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"வாங்க, வாங்க. இந்தாங்க, முதல்ல தண்ணி குடிங்க. இப்படியா ஓடி வர்றது? மருந்துக்கடையிலேர்ந்து கிளம்பினதுலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். நடுவுல பால் பூத்துக்கிட்ட தப்பான சந்துல வேற திரும்பிட்டீங்க."

"நீ... நீ எப்படி..."

அவள் ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். அதில் ஒரு சிவப்புப் புள்ளி, கண்ணாடிக் கடைமேல் நின்று துடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு கோடு மலை மாதிரி ஏறியிருந்தது.

"நீங்கதாங்க எல்லாத்துக்கும் சரி சரின்னு குத்துனீங்க. இதுல ஒருத்தர் பார்த்தா மத்தவரும் பார்க்கலாமாம். நீங்க ஸ்டூல்ல ஏறி அடுத்தவன் கேமராவைத் திட்டினப்போ அந்தக் கடைப்பொண்ணு சொல்லிச்சு."

"அப்போ... இத்தனை நாளா..."

"இத்தனை நாளா. பாத்திரக்கடைக்காரரைப் பத்திச் சொன்னேன், கோடு ஆடலை. வேன் டிரைவர் மீசையைச் சொன்னேன், ஆடலை. கண்ணாடிக்காரர்னு வாயைத் திறந்தேன், கூரையைப் பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லலை. உங்க கை சொல்லுச்சு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா வேன் டிரைவருக்கு ஏன் ஏறலைங்க? அவரும் பார்க்க லட்சணமாத்தானே இருக்காரு?"

சிவப்புக் கோடு ஒரு எகிறு எகிறியது.

"இப்போ ஏறிடுச்சு," என்றாள்.

உள்ளறையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். உயரம். வெள்ளைக் கோட்டு. மெதுவான பேச்சு. "வாங்க சார். உங்க வீட்டம்மா உங்க பேர்ல நேரம் வாங்கி வெச்சு எத்தனையோ நாளாச்சு. இன்னைக்குக் கண்டிப்பா வருவீங்கன்னு சொன்னாங்க. ஓடியே வருவீங்கன்னு நான் நினைக்கலை. உட்காருங்க."

உட்காராமல் என்ன செய்வார்? ஓடி வந்த ஓட்டம் அப்படி. பெரிய நாற்காலியில் சரிந்தார்.

"அப்போ நான் நடக்கப் போறேங்க. என் நேரம் ஓடுது," என்று மனைவி செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கண்ணாடிக்காரர் சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டினார். மேலே உள்ள பெரிய எழுத்தைக் கேமராக்காரர் வாசித்தார். இரண்டாவது வரியைக் கற்பனை செய்தார். மூன்றாவது வரியில், "இது எழுத்தா, எறும்பா?" என்றார்.

"சரி, பலகை வேண்டாம். சன்னல் வழியா எதிர்ல பார்க்கைப் பாருங்க. என்ன தெரியுது?"

கேமராக்காரர் கண்ணைச் சுருக்கினார். மஞ்சள் துப்பட்டா ஒன்று நடைபாதையில் போனது. பக்கத்தில், உயரமாக, வெள்ளைக் கோட்டு. இரண்டும் வளைந்து வளைந்து சிரித்தன. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாருய்யா! என் கண் முன்னாடியே! என் பொண்டாட்டிகூடச் சிரிச்சுக்கிட்டுப் போறியே, உனக்கு வெட்கமா இல்ல?"

"யாரு சார்?"

"நீதான்யா!"

"நான் இங்க உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன் சார்."

கேமராக்காரர் தோளைப் பார்த்தார். கை இருந்தது. கையோடு ஆளும் இருந்தார். சன்னலைப் பார்த்தார். அங்கேயும் இருந்தார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரிகிற மாதிரி எந்தக் கம்பெனி கேமராவும் அவர் பார்த்ததில்லை.

கண்ணாடிக்காரர் ஒரு இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, இரண்டு சில்லுகளைச் சொருகினார். "இப்போ?"

பார்க் பளிச்சென்று கிட்டே வந்தது. இலை இலையாக மரம். மஞ்சள் துப்பட்டாவின் ஓரத்தில் பூ வேலை. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு, காதில் தோடு, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை, இறுக்கி முடிந்த கொண்டை.

தங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அக்கா.

வேலை முடிந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக நடக்க வருகிறவள். அவருக்கு நர்ஸ் அக்கா என்றால் நைட்டியோடு மாடியிலிருந்து வாளியை இறக்குகிற உருவம்தான் தெரியும்.

"என்ன சார், தெரியுதா?"

"தெரியுது," என்றார் கேமராக்காரர். குரல் நாற்காலிக்கு அடியிலிருந்து வந்தது. "கொஞ்சம்... தெளிவாவே தெரியுது."

கண்ணாடி வந்துவிட்டது. பொறாமை போய்விட்டதா என்றால், அதுதான் இல்லை. முன்பு மங்கலாகத் தெரிந்த மனைவி இப்போது துல்லியமாகத் தெரிந்தாள். சிரித்தால் கன்னத்தில் ஒரு சின்னக் குழி விழுகிறது. அது எப்போதிலிருந்து இருக்கிறது? இத்தனை அழகை அந்த ஒரு மணி நேரம் பார்க்கில் யார் யாரோ பார்ப்பார்களே! வயிறு புதுசாக எரிந்தது.

மறுவாரம் ஒரு சாயங்காலம் அவள் நடக்கக் கிளம்பினாள். கையில் அந்தப் பளபளப்பான வாட்ச் இல்லை. கறுப்பாக, சும்மா ஒன்று.

"என்ன இது?"

"மாத்திட்டேங்க. கொஞ்ச நாளைக்குள்ள கொண்டுவந்தா மாத்தித் தருவாங்களாம். நடக்கிறதை எண்ணும், நாடியைச் சொல்லும். எனக்கு மட்டும். கம்பெனிக்கும் தெரியாது, மத்தவங்களுக்கும் தெரியாது."

"மத்தவங்கன்னா?"

"உங்களையும் சேர்த்துதான்."

"அப்போ நானும் என்னோடதைக் கழட்டிடறேன்." அவசரமாக மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயோ, கழட்டாதீங்க! நீங்க ஏணி ஏறுறவரு. எப்ப எங்க நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் நிம்மதி. மறைக்க ஒண்ணுமில்லாதவங்களுக்கு என்ன பயம்?"

கேமராக்காரரின் சொந்தச் சரக்கே அவரிடம் திரும்பி வந்தது. மணிக்கட்டைப் பிடித்த கையை எடுத்தார். வாட்ச் கையிலேயே கிடந்தது.

அவள் வாசலில் உட்கார்ந்து செருப்பு வாரை இழுத்துப் போட்டாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார். மூக்கில் சரிந்த கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கௌரவமெல்லாம் விட்டு, பாப்பா மிட்டாய் கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்போ நீ எங்க போறே, யார்கூடப் போறே, எதுக்குச் சிரிக்கிறேன்னு எனக்கு எப்படித்தான் தெரியும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

"அதுக்கு ரொம்பச் சுலபமா ஒரு வழி இருக்குங்க. கேமரா வேணாம், வாட்ச் வேணாம், ஏணியும் வேணாம். இத்தனை வருஷத்துல உங்களுக்கு இது தோணலைங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம். நான் திரும்பி வந்ததும் நீங்க என் பக்கத்துல உட்கார்ந்து, என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை..."

"ஏய், வர்றியா இல்லையா? இருட்டிடப் போகுது!" கீழே தெருவிலிருந்து நர்ஸ் அக்காவின் குரல்.

"இதோ வந்துட்டேன்க்கா!"

வாக்கியத்தின் மீதிப் பாதியும் அவளோடு படியிறங்கி நடக்கப் போய்விட்டது.